துப்பாக்கிக் கடையின் காகித வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், டென்வருக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்னறையில் ஒன்பது வருடமாகக் காகித வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஊரில் ஜவுளிக்கடையில் நாள்வரவு எழுதியவள். இந்தத் தொழிலில் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் விளையாட்டுச் சாமான் கடை, அடகுக் கடை என்று வாங்கி, அதோடு சேர்ந்து துப்பாக்கி விற்பனையும் கைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கவுண்ட்டரில் வேலைக்குச் சேர்ந்த தம்பிகளும் இருக்கிறார்கள். போனில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

மத்திய சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொது. மாநிலச் சட்டம் என்று நான் சொல்லும் இடத்தில் கொலராடோவை வைத்துத்தான் பேசுகிறேன். வேறு மாநிலம் என்றால் பெயரோடு சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் பறிபோகும் நிலை என்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

1. அக்கா, மொத்தத்துல என்னென்ன காகிதம்? முதல்ல அதைச் சொல்லுங்க.

அடிப்படை மூன்றுதான். ஒன்று, லைசென்ஸ். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகம், அதாவது ஏடிஎஃப், கொடுக்கும் மத்திய லைசென்ஸ் இது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, வரத்துப் போக்குப் பதிவேடு. கடையில் எல்லோரும் பவுண்ட் புக் என்பார்கள். எந்தத் துப்பாக்கி, என்ன சீரியல் எண், யாரிடமிருந்து எப்போது வந்தது, யாருக்கு எப்போது போனது என்று ஒரே வரியில் இருக்கும். மூன்றாவது, 4473 படிவம். வாங்குபவர் ஒவ்வொரு முறையும் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது.

இவற்றுக்கு மேல் சில அறிக்கைகள் உண்டு. ஒரே ஆள் தொடர்ந்து வரும் 5 வேலை நாளுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் கைத்துப்பாக்கி வாங்கினால் அன்று கடை மூடுவதற்குள் 3310.4 படிவம் போக வேண்டும். ஒரு துப்பாக்கி திருடு போனாலோ காணாமல் போனாலோ, தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

2. பவுண்ட் புக்கை வாரக் கடைசில உக்காந்து மொத்தமா எழுதினா ஆகாதா?

ஆகாது. வந்த துப்பாக்கியை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் ஏற்ற வேண்டும். போனதை 7 நாளுக்குள் எழுத வேண்டும். போக்குக்கு ஒரு வாரம் இருக்கிறதே என்று வரத்தையும் சேர்த்துத் தள்ளிப் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

நான் செய்வது இது. பெட்டி வந்ததும் அதைப் பிரிக்கும் மேசையிலேயே எழுதுகிறோம். சீரியல் எண்ணை ரசீதிலிருந்து எடுக்கக் கூடாது, இரும்பில் வெட்டியிருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் எழுதுவார், பிறகு எழுதினவர் திரும்பப் படிப்பார். சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும் அடுத்தடுத்து வரும் எண்களில் இந்த இரண்டு நிமிடம் எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

3. இதெல்லாம் கவர்மெண்ட் கம்ப்யூட்டர்ல இருக்குமே? நாம எதுக்குப் பெட்டி பெட்டியா அடுக்கி வைக்கணும்?

இல்லை. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற தேசியப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதனால் ஒரு குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் தேசியத் தடமறியும் மையம் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்கும். கம்பெனி மொத்த வியாபாரியைக் காட்டும். அவர் நம்மைக் காட்டுவார். நாம் 24 மணி நேரத்துக்குள் பவுண்ட் புக்கைத் திறந்து, 4473ஐ எடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கிலியில் வாங்கினவரின் பெயர் இருக்கும் ஒரே கண்ணி நம் அலமாரிதான். 2012இல் டென்வரை ஒட்டிய ஆரோரா நகரத்துத் தியேட்டரில் துப்பாக்கிச் சூடு நடந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் நான் குடியிருக்கிறேன். தடம் கேட்டு போன் வரும் நாளில் என் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. அன்று காகிதம் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாள் முழுக்க இந்த வேலை.

4. எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்? இருபதுதானே?

இருபது என்பது பழைய கணக்கு. 2022 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறைக்கு வந்த ஏடிஎஃப் விதிப்படி, தொழிலை மூடும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காகிதங்களைத் தனிக் கிடங்கில் வைக்கலாம், ஆனால் அந்தக் கிடங்கும் கடையின் பகுதியாகவே கருதப்படும், அங்கேயும் சோதனைக்கு வரலாம். விற்பனை நடக்காமல் நின்றுபோன 4473களையும் எறியக் கூடாது, தனியாக அடுக்க வேண்டும்.

"இருபது வருஷம் ஆச்சு, கிழிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் எந்த வருடத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் பாதித் தவறு, ஒரு காலத்தில் சரியாக இருந்த பதிலால்தான் வருகிறது.

5. பழைய 4473 ஒரு கட்டு மிச்சம் இருக்கு. தீர்ந்த பிறகு புதுசு எடுத்துக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கட்டாயத் தேதி உண்டு. 2020 மே பதிப்பு 2020 நவம்பர் 1 முதல், 2022 டிசம்பர் பதிப்பு 2023 ஏப்ரல் 1 முதல், 2023 ஆகஸ்ட் பதிப்பு 2024 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் ஆயின. படிவத்தின் அடியில் எந்த மாதம் திருத்தப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கும். கட்டைப் பிரிக்கும்போதே அதைப் பாருங்கள். புதிய பதிப்பு கட்டாயம் ஆகும் நாளுக்கு முந்தின மாலை, கவுண்ட்டரில் இருக்கும் பழைய படிவம் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். மேசை இழுப்பறையில் நாலு தாள் கிடந்தாலும் அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

6. நம்ம பேரே தனிப் பிரச்சினை. ஒரு எழுத்து இனிஷியல்தான் லாஸ்ட் நேம். படிவத்துல எப்படி எழுதறது?

நம்மவர் வாங்க வந்தால் முதலில் தடுக்குவது இங்கேதான். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். அப்பா பெயரை விரித்து எழுதுவதோ, கூப்பிடும் பெயரை எழுதுவதோ கூடாது. சட்டப்படியான பெயரில் வெறும் எழுத்து மட்டும் இருந்தால், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் 'ஐஓ' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் படிவத்திலேயே குறிப்பு இருக்கிறது. இனிஷியல் மட்டுமே உண்டு என்று அர்த்தம். நடுப்பெயர் இல்லை என்றால் 'என்எம்என்'.

ஒரு தம்பி வந்தார். உரிமத்தில் முருகேசன், அதற்குப் பிறகு எஸ். படிவத்தில் பழக்க தோஷத்தில் முழுசாக சுப்பிரமணியன் என்று எழுதிவிட்டார். கவுண்ட்டரில் இருந்த பையன் அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டான். வாங்குபவருக்குத் தடை ஏதும் உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்குப் போகும் முன்பு நான் பார்த்ததால் தப்பித்தோம். பெயர் ஒன்று, அட்டை ஒன்று என்றால் சோதனையே வேறு ஆளின் மேல் ஓடலாம்.

7. நான் ஹெச்1பி. வாங்க முடியுமா? அப்புறம், என் மனைவி ஹெச்4ல ஒரு கடைல வேலைக்குச் சேரலாமான்னு கேக்கறா.

குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. நமக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதைக் காட்டினால் அதன் நகலையும் 4473உடன் வைக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை, ஆனால் குடியேற்ற எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும்.

வேலை விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. கவுண்ட்டரில் நிற்பவர் நாளெல்லாம் துப்பாக்கியைக் கையில் எடுப்பார். தடை உள்ளவருக்கு அதுவே 'வைத்திருத்தல்' ஆகிவிடும். வேலை செய்ய அனுமதி அட்டை இருப்பது வேறு, துப்பாக்கியைத் தொட அனுமதி இருப்பது வேறு. குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் சேர வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்.

8. கவுன்டி கட்டத்தை எழுதாம விட்டா என்ன பெரிய குத்தம்?

குற்றம்தான். சோதனையில் அடிக்கடி பிடிபடும் குறைகளில் அது ஒன்று. எங்கள் பக்கம் இது லேசான கேள்வியும் இல்லை. கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஆரோரா நகரம் அரபஹோ, ஆடம்ஸ், டக்ளஸ் என்று மூன்று கவுன்டிகளில் பரந்து கிடக்கிறது. அங்கே இருபது வருடம் குடியிருப்பவரே தவறாக எழுதுவார். டென்வரில் நகரமும் கவுன்டியும் ஒன்றே என்பதால், புறநகர்க்காரர்களும் டென்வர் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

2022 டிசம்பர் பதிப்பில் 'நகர எல்லைக்குள் குடியிருக்கிறீர்களா' என்று ஒரு கட்டமும் வந்தது. ஹைலண்ட்ஸ் ரேஞ்ச் போன்ற இடம் பார்த்தால் பெரிய ஊர், ஆனால் நகராட்சியே கிடையாது. 'இல்லை' என்பதுதான் சரியான பதில். கவுண்ட்டரில் கவுன்டி வரைபடத்தைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். வாங்குபவர் அதைப் பார்த்துத் தானே எழுதுவார். நாங்கள் சொல்லித் தருவோம், பேனாவைத் தொட மாட்டோம்.

9. மாநிலச் சட்டம் ஒன்னு சொல்லுது, மத்திய சட்டம் ஒன்னு சொல்லுது. எதைக் கேக்கறது?

இரண்டையும். எது கெடுபிடியோ அதுதான் அந்த விற்பனையை ஆளும். மத்திய சட்டம் தரை மாதிரி, அதற்கு மேல் மாநிலம் எத்தனை செங்கல் வேண்டுமானாலும் வைக்கலாம். தலைகீழாகவும் ஒன்று உண்டு. கொலராடோவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. ஆனால் 4473இல் கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றால் விற்க முடியாது, ஏனென்றால் மத்திய சட்டத்தில் அது இன்னும் தடைதான். படிவத்திலேயே தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. மாநிலம் தளர்த்தினால் மத்திய கட்டத்தைத் தாண்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

10. காத்திருப்பு நாள் வந்ததால படிவத்துல என்ன மாறுச்சு? மூணு நாள் கழிச்சு வந்து எடுத்துட்டுப் போவாங்க, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் கொலராடோவில், பின்னணிச் சோதனை தொடங்கி 3 நாள் ஆவது, சோதனை முடிந்து ஒப்புதல் வருவது, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை துப்பாக்கியைக் கையில் கொடுக்கக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் 4473க்குள் அது பெரிய வேலை செய்தது.

வாங்குபவர் கையெழுத்துப் போட்ட நாளும் துப்பாக்கி கைமாறும் நாளும் வேறு வேறு என்றால், கைமாறும் நாளில் அவர் 'டி' பகுதியில் மறுபடியும் உறுதி கூறிக் கையெழுத்துப் போட வேண்டும். காத்திருப்பு வருவதற்கு முன்னால் அது மாதத்தில் சில தடவை வரும் வேலை. இப்போது ஒவ்வொரு விற்பனையிலும் அது உண்டு. மாநிலச் சட்டம் ஒன்று மாறினதால், ஒரு எழுத்தும் மாறாத மத்தியப் படிவத்தில் தவறு புகும் இடம் மாறிப்போனது. அந்த அக்டோபரில் எங்கள் கடையில் துப்பாக்கியை வைக்கும் பெட்டியின் மூடிமேலேயே 4473ஐக் கிளிப் போட்டு மாட்ட ஆரம்பித்தோம். கையெழுத்து விழாமல் பெட்டி திறக்காது. இன்னொன்று, சோதனை கேட்ட நாளிலிருந்து 30 நாள் தாண்டிவிட்டால் படிவம் செல்லாது. ஆற அமர வருபவர்களுக்கு 25ஆம் நாள் நாங்களே போன் போடுகிறோம்.

11. மூணு வேலை நாள் ஆகியும் பதில் வரலைன்னா குடுத்துடலாம்னு கேள்விப்பட்டேனே?

மத்திய சட்டத்தில் அப்படி இருக்கிறது. சோதனை 'தாமதம்' என்று நின்று, 3 வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுக்கலாம். 21 வயதுக்குக் கீழே என்றால் 2022இல் வந்த சட்டப்படி அது 10 வேலை நாள் வரை நீளலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி போனது இந்த மூன்று நாள் வழியாகத்தான்.

கொலராடோவில் 2021 முதல் அந்த வழி கிடையாது. இங்கே சோதனையை மாநிலப் புலனாய்வுப் பணியகத்தின் இன்ஸ்டாசெக் பிரிவு நடத்துகிறது. ஒப்புதல் என்று அவர்கள் சொன்னால்தான் கொடுக்கலாம். 10ஆம் பதிலில் சொன்ன 3 நாளையும் இந்த 3 வேலை நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று குறைந்தபட்சக் காத்திருப்பு, மற்றது வேறு மாநிலங்களில் பொருந்தும் மத்தியக் கெடு.

12. போன வருஷம் 19 வயசுப் பையனுக்கு ரைஃபிள் வித்த படிவம் ஃபைல்ல இருக்கு. இப்ப 21ங்கறாங்க. அது தப்பாயிடுச்சா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் 2025இல் கேட்டார். நல்ல கேள்வி. கொலராடோவில் எல்லாத் துப்பாக்கிக்கும் 21 வயது என்ற சட்டம் 2023 ஆகஸ்ட் 7 அன்று நடைமுறைக்கு வர வேண்டியது. அதே நாளில் மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 நவம்பரில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. நடுவில் இருந்த காலத்தில் மத்திய சட்டத்தின் 18 வயதுக் கணக்குப்படி ரைஃபிள் விற்றது சரியான விற்பனைதான்.

காகிதத்தை அது எழுதப்பட்ட நாளின் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்தப் படிவத்தைப் புரட்டுபவருக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்காது. அதனால் நான் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். கெட்டி அட்டை, பக்க எண் போட்டது. எந்த நாளில் எந்த விதி அமலுக்கு வந்தது, எது நின்றது, எங்களுக்கு அறிவிப்பு எந்த அலுவலகத்திலிருந்து எப்போது வந்தது, அன்றிலிருந்து கவுண்ட்டரில் என்ன மாற்றினோம் என்று தேதி வாரியாக எழுதுகிறேன். அறிவிப்பின் அச்சுப் பிரதியை எதிர்ப்பக்கத்தில் ஒட்டுகிறேன். சட்டம் கேட்காத புத்தகம் இது. என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

13. நியூ மெக்சிகோல காத்திருப்புச் சட்டத்தை கோர்ட் தள்ளிடுச்சாமே. நாமளும் நிறுத்திடலாமா?

2025 ஆகஸ்டில் அதே பத்தாவது வட்டார நீதிமன்றம், நியூ மெக்சிகோவின் 7 நாள் காத்திருப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது உண்மை. கொலராடோவும் அதே வட்டாரம்தான். ஆனால் அந்த வழக்கு நியூ மெக்சிகோ சட்டத்தைப் பற்றியது. நம் மாநிலச் சட்டத்தை நிறுத்தி ஒரு உத்தரவு வந்து, மாநில அலுவலகம் எழுத்தில் அறிவிக்கும் வரை 3 நாள் 3 நாள்தான். டிவியில் பார்த்தேன் என்பதற்காக எந்த நடைமுறையையும் மாற்றாதீர்கள்.

14. மத்திய லைசென்ஸ் இருக்கே, மாநிலம் வேற தனியா எதுக்கு?

2025 ஜூலை 1 முதல் கொலராடோவில் துப்பாக்கி விற்க மாநில அனுமதியும் வேண்டும். வருவாய்த் துறையின் கீழ் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஊழியர்களுக்குப் பின்னணிச் சோதனை, ஒவ்வொரு வருடமும் பயிற்சி, சரக்கைப் பூட்டி வைக்கும் முறை எல்லாம் அதில் வரும். இல்லினாய் 2019லேயே இப்படி மாநிலச் சான்றிதழைக் கொண்டுவந்துவிட்டது.

காகித வேலை என்று பார்த்தால் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு தனி உறை போடுங்கள். சோதனை முடிந்த தேதி, பயிற்சிச் சான்று, அடுத்த பயிற்சி எப்போது என்பது உறையின் மேலேயே இருக்கட்டும். சனிக்கிழமை மட்டும் உதவிக்கு வரும் மச்சினனுக்கும் உறை வேண்டும். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

15. 2026 ஆகஸ்ட் சட்டத்துக்கு என்ன தயார் பண்ணணும்?

2025 ஏப்ரலில் கையெழுத்தான சட்டம் அது. 2026 ஆகஸ்ட் 1 முதல், கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) உள்ள குறிப்பிட்ட செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை வாங்க, கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம் கொடுக்கும் தகுதி அட்டையும் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் வேலை, உங்கள் சரக்கில் எவையெல்லாம் அந்த வரையறைக்குள் வரும் என்று மாடல் மாடலாகப் பட்டியல் எடுப்பது. சாதாரண .22 ரிம்ஃபயர் ரைஃபிள் அதில் வராது. அலமாரியில் நிறம் ஒட்டிப் பிரியுங்கள். கவுண்ட்டரில் நிற்பவர் கூட்டத்துக்கு நடுவில் வரையறையைப் படித்துக்கொண்டு இருக்க முடியாது.

16. படிவத்துல தப்பு ஆயிடுச்சு. ஒயிட்னர் போட்டுத் திருத்தலாமா?

வேண்டவே வேண்டாம். துப்பாக்கி இன்னும் கைமாறவில்லை என்றால், தவறின் மேல் ஒரே கோடு, சரியான பதில், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். வாங்குபவர் நிரப்பும் பகுதியை அவர்தான் திருத்த வேண்டும், நம் பகுதியை நாம். கைமாறிய பிறகு தெரிந்தால் மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். நகலில் திருத்தி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டு, மூலத்தோடு பின் அடித்து வையுங்கள்.

2023 ஏப்ரலில் 8ஆம் பதிலில் சொன்ன நகர எல்லைக் கட்டம் புதிதாக வந்தபோது, முதல் வாரத்தில் எங்கள் கடையில் பதினொரு படிவத்தில் அது காலி. வெள்ளிக்கிழமை நான் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கும்போதுதான் தெரிந்தது. முகவரி இருக்கிறதே, நீயே டிக் அடித்துவிடு என்றார் முதலாளி. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது அவர்கள் சத்தியம் செய்து எழுதிய பக்கம். பதினொரு பேருக்கும் போன் போட்டேன். ஒன்பது பேர் வந்து நகலில் எழுதிக் கொடுத்தார்கள். மீதி இரண்டு படிவத்துக்கு, எந்த நாளில் எத்தனை முறை கூப்பிட்டோம் என்று ஒரு குறிப்பு எழுதி இணைத்தேன். அடுத்த சோதனைக்கு வந்தவர் அந்தக் குறிப்புகளை நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த பெட்டியை எடுத்தார்.

17. ஒருத்தர் போன வாரம் ஒன்னு புக் பண்ணார், இந்த வாரம் ஒன்னு. ரெண்டையும் சனிக்கிழமை எடுத்துட்டுப் போனார். 3310.4 போடணுமா?

கைத்துப்பாக்கி என்றால் போட வேண்டும். புக் பண்ணின தேதி கணக்கில்லை, கைமாறின தேதிதான் கணக்கு. காத்திருப்பு வந்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. தனித்தனியாக வாங்கினதை ஒரே நடையில் எடுத்துப் போகலாம் என்று ஜனங்கள் நினைப்பது இயல்புதானே. பெட்டியை எடுத்துக் கொடுக்கும் முன் அதே பெயரில் கடந்த 5 வேலை நாளில் வேறு ஏதாவது போயிருக்கிறதா என்று பவுண்ட் புக்கில் தேடுங்கள்.

18. ரெண்டு நண்பர்கள் தங்களுக்குள்ள வித்துக்கறாங்க, நம்ம கடை வழியா. விக்கறவர் துப்பாக்கியை இங்க விட்டுட்டுப் போயிட்டார், வாங்கறவருக்கு மறுப்பு வந்துடுச்சு. திருப்பிக் குடுத்துடலாமா?

கொலராடோவில் 2013 ஜூலை முதல் பெரும்பாலான தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதால் இது வரும். விற்பவர் துப்பாக்கியை நம் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனால் அது நம் பவுண்ட் புக்கில் வரத்து. திருப்பிக் கொடுக்கும்போது அவரும் 4473 நிரப்பி, சோதனையில் தேற வேண்டும். என் துப்பாக்கியை வாங்க நான் எதற்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்று கோபப்படுவார். அதனால் விட்டுவிட்டுப் போகும் முன்னாலேயே இதைச் சொல்லி, புரிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். ரிப்பேருக்குக் கொடுத்ததை அதே ஆளிடம் திருப்பித் தருவதற்கு 4473 வேண்டாம். அடகை மீட்பதற்கு வேண்டும்.

19. வயோமிங்லேர்ந்து வந்தவர் ஷாட்கன் கேக்கறார். விக்கலாமா?

கைத்துப்பாக்கி என்றால் கையில் கொடுக்கவே முடியாது. அவர் ஊரில் லைசென்ஸ் உள்ள கடைக்கு அனுப்பி, அங்கே அவர் படிவம் நிரப்பி எடுக்க வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் என்றால் நேரில் விற்க மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் அந்த விற்பனை பொருந்த வேண்டும். அவர் மாநிலத்தில் நேற்று மாறினதும் உங்கள் பொறுப்புதான். 12ஆம் பதிலில் சொன்ன நோட்டில் பக்கத்து மாநிலங்களுக்கும் சில பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் உரிமத்தோடு வருபவர்களுக்கு நாங்கள் விற்பதில்லை, அவர்கள் ஊர்க் கடைக்கு அனுப்புகிறோம். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

20. ஒரு தப்பு கண்டுபிடிச்சாலே லைசென்ஸ் போயிடுமா?

மத்திய சட்டப்படி, வேண்டுமென்றே செய்த மீறலுக்குத்தான் லைசென்ஸை ரத்து செய்யலாம். 2021இல் சில வகை மீறல்களுக்குக் கடுமையான கொள்கை ஒன்று வந்தது, 2025 ஏப்ரலில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் 'வேண்டுமென்றே' என்றால் கெட்ட எண்ணத்தோடு என்று மட்டும் அர்த்தம் இல்லை. விதி தெரிந்திருந்தும் அக்கறை இல்லாமல் விடுவதும் அதில் சேரும். முந்தின சோதனையில் எழுதிக் கொடுத்த குறையே அடுத்த சோதனையிலும் இருந்தால், தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை. அதனால் சோதனை அறிக்கையைச் சுவரில் ஒட்டி, குறை தீர்ந்த தேதியை ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதுங்கள். ஏடிஎஃப் வழக்கமான சோதனைக்கு 12 மாதத்தில் ஒருமுறைதான் வாரண்ட் இல்லாமல் வரலாம். மாநில ஆட்கள் வருவது தனிக் கணக்கு.

21. ரிட்டயர் ஆகற ஒருத்தர்கிட்ட கடையை வாங்கறேன். அவர் காகிதமெல்லாம் என்ன செய்யறது?

அவர் லைசென்ஸ் உங்களுக்கு மாறாது. உங்கள் பெயரில் மத்திய லைசென்ஸும் மாநில அனுமதியும் வரும் வரை ஒரு துப்பாக்கியும் விற்காதீர்கள். அவருடைய பவுண்ட் புக்கும் 4473களும் தொழிலைத் தொடரும் உங்களிடம் வரலாம், அல்லது மூடின 30 நாளுக்குள் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏடிஎஃப் மையத்துக்குப் போகலாம். உங்களிடம் வந்தால் எந்த லைசென்ஸிலிருந்து எந்த லைசென்ஸுக்கு, எந்த நாளில் என்று பதிவில் தெரிய வேண்டும்.

பணம் கைமாறும் முன்னால் ஒரு நாள் முழுக்க ஒதுக்கி, பவுண்ட் புக்கில் இன்னும் போகாமல் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அலமாரியில் இருக்கும் இரும்போடு ஒத்துப் பாருங்கள். நான் இப்படி ஒரு அண்ணனுக்காகப் போனபோது புத்தகத்தில் இருந்த மூன்று துப்பாக்கிகள் கடையில் இல்லை. இரண்டு, போக்கு எழுத மறந்தவை, 4473 கிடைத்தது. மூன்றாவதை மாலை ஆறு மணி வரை தேடினோம். கடைசியில் பழைய முதலாளி தன் பெயரில் போனை எடுத்துக் காணாமல் போனதாக ஏடிஎஃப்புக்குச் சொன்னார். கையெழுத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம்.